ஒற்றைக்கண் மயிலும் செஜெஸ்தாவின் தூதனும்

பெனடிக்றின் வேலையைப் பறிக்கும் கடிதத்தைப் பெனடிக்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

காலை ஒன்பது மணி. இரண்டாம் மாடிக் கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. அவ்வொக்காத்தோ திரிங்காலியின் கை மட்டும் வெளியே வந்தது. அவ்வொக்காத்தோ என்றால் வக்கீல். திரிங்காலி விஷயத்தில் அதை இராணுவப் பதவி என்று எடுத்துக்கொள்வது நல்லது.

"முதலாம் மாடிக்கு. கையில் கொடு. அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து வந்து சொல்."

உறை ஒட்டப்பட்டிருக்கவில்லை. படி இறங்கும்போது பெனடிக்ற் வாசித்தான்.

'திங்கள் மாலை ஐந்து மணிக்குக் கட்டடக் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்று: வாசல் காவலாள் பதவியை நீக்குதல். கதவுக்கு இலக்கப் பூட்டு. கீழறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுதல்.'

ஒரு படியில் வைத்த கால் அடுத்த படிக்குப் போக மறுத்தது.

கீழறையில்தான் பதினொரு வருடமாக அவன் இருக்கிறான். அவனும், மனைவி விமலராணியும், மகள் தர்சனாவும். பலெர்மோ நகரில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், மூன்று மாடிப் பழைய கட்டடம். ஏப்ரலில் பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும். அந்த வதிவிட அட்டை தருகிறவர்கள் முதலில் கேட்பது வேலை எங்கே, விலாசம் எங்கே என்பதைத்தான். இரண்டையும் வக்கீல் ஒரே வரியில் முடித்திருந்தார்.

முதலாம் மாடியில் புரொபெசோரெசா மஞ்சாபானே கதவைத் திறந்தாள். ஓய்வுபெற்ற கிரேக்க மொழி ஆசிரியை. எழுபது வயது. வாசித்தாள். ஒரு புருவம் ஏறி இறங்கியது.

"போய்ச் சொல், பெனடிக்ற். செஜெஸ்தா சிரித்தது என்று சொல்."

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அதிகமில்லை, ஐம்பத்திரண்டு வருடம்.

பலெர்மோவில் ஒரு பள்ளிக்கூடம். கிரேக்க வரலாற்று வாத்தியார் வகுப்பில் ஆளுக்கொரு பழைய நகரம் கொடுத்தார். "மஞ்சாபானே, நீ செஜெஸ்தா. திரிங்காலி, நீ செலினுந்தே. சண்டை பிடியுங்கள்." சிசிலியின் மேற்கில் பக்கத்துப் பக்கத்து நகரங்கள் அவை. எல்லைக் காணிக்கும் கலியாண உரிமைக்கும் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவை. செஜெஸ்தாக்காரர் முழுக் கிரேக்கர்கூட இல்லை. ஆனால் சண்டை முழுக் கிரேக்கச் சண்டை.

மணி அடித்தது. மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். இந்த இருவரும் இன்னும் அந்த வகுப்பை விட்டு வரவில்லை.

விதி இருவரையும் ஒரே கட்டடத்தில் வீடு வாங்க வைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செலினுந்தேயின் ஏசித் தண்ணீர் செஜெஸ்தாவின் துளசிச் சட்டியில் சொட்டியது. சமையலுக்குப் போடுகிற இத்தாலியத் துளசி. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். சொல்ல வேண்டியது எல்லாம் பெனடிக்ற் வழியாகவே போகும், அவனோடேயே திரும்பி வரும்.

மூன்றாம் மாடி ஜனவரியில் கைமாறியது. வட இத்தாலியின் தொரீனோவிலிருந்து வந்த இஞ்சினியர் பெர்தோலா வாங்கியிருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லும் மனிதர். மூன்று மாடி, மூன்று வாக்கு. வக்கீல் வேண்டாம் என்பார், புரொபெசோரெசா வேண்டும் என்பாள். மிச்சம் இருப்பது?

புரொபெசோரெசா விரலைக் கூரையை நோக்கி உயர்த்தினாள்.

"ஏதென்ஸ்!"

*

பெனடிக்ற் ஏதென்சின் கதவைத் தட்டினான்.

"எனக்கு உன்மேல் கோபமில்லை" என்றார் இஞ்சினியர், சவரம் செய்த பாதி முகத்தோடு. "ஆனால் வக்கீலை எதிர்த்தால் என்னைச் சாகும்வரை நீதிமன்றத்துக்கு இழுப்பார். அந்த முதலாம் மாடிச் சிஞ்ஞோராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? புத்தகங்கள். வேறு?"

பெனடிக்றுக்கு வாய் உலர்ந்தது. உலர்ந்த வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னான்.

"நாங்கள் இருக்கிறோம். தமிழ்ச் சனம்."

"நீங்கள் என்றால்... துடைப்பத்தோடா?"

அதையும் பெனடிக்ற் ஒரு சொல் பிசகாமல் முதலாம் மாடிக்குக் கொண்டுவந்தான். தொழில் தர்மம். புரொபெசோரெசா கதிரையிலிருந்து துள்ளி எழும்பினாள்.

"இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னால் ஏதென்ஸ் கேட்டதும் இதே கேள்வி! உங்களிடம் என்ன இருக்கிறது, காட்டுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். செஜெஸ்தா என்ன செய்தது தெரியுமா? ஊரிலும் அயலூரிலும் இருந்த பொன், வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் சேர்த்தது. தூதர்களை ஒவ்வொரு வீடாக விருந்துக்கு அழைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதே கிண்ணம்! பின்கதவால் அடுத்த வீட்டுக்கு ஓடும். வந்தவர்கள் மயங்கிப்போனார்கள். கப்பல் கப்பலாகப் படை வந்தது!"

"வந்து?"

"எல்லோரும் அழிந்தார்கள். அது பிறகு. ஞாயிற்றுக்கிழமை அவரை உங்கள் சனத்தின் வீடுகளுக்கு அழைத்துப் போ."

மத்தியானம் கீழறையில் பெனடிக்ற் இதைச் சொன்னபோது விமலராணி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"இதையோ இந்தச் சனம் தந்திரம் எண்டு பள்ளிக்கூடத்திலை படிப்பிக்குது? இஞ்சேருங்கோ, எங்கடை ஆக்கள் பலெர்மோவிலை இருபது வருசமாய் இதைத்தானே செய்யினம்!"

பெனடிக்ற் மனைவியைப் பார்த்தான். மனைவி பெனடிக்றைப் பார்த்தாள். இருவர் வாயிலும் ஒரே பெயர்.

சுவாம்பிள்ளை.

மணவறை, சோடனைச் சாமான் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் இரண்டு மயில் சிம்மாசனம், வெள்ளிப் பன்னீர்ச்செம்பு, ஆறு வெள்ளித் தம்ளர், ஆள் உயரக் குத்துவிளக்கு ஒரு சோடி. கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடோ, தேவாலயத்தில் முதல் நன்மையோ, பலெர்மோத் தமிழர் யார் வீட்டு அல்பத்தைத் திறந்தாலும் அதே மயில்தான் பார்க்கும். அதுவும் ஒரு கண்ணால் பார்க்கும். இடது சிம்மாசனத்து மயிலின் ஒரு கண் கல் எந்தக் கலியாணத்திலோ விழுந்துவிட்டது. அதே கதிரையின் இடது ஓரத்தில் ஒரு ஆணியும் நீட்டிக்கொண்டிருந்தது. அடிக்க வேண்டும், அடிக்க வேண்டும் என்று சுவாம்பிள்ளை ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறார்.

"அண்ணை, ஞாயிறு மயில் ரெண்டும் வேணும்."

"ஆருக்கடா கலியாணம்?" போனில் கேட்டார் சுவாம்பிள்ளை.

"ஒருத்தருக்கும் இல்லை. போர்."

"போர் எண்டால் பூமாலை தேவைப்படாது, என்ன? சரி, ஏத்திக்கொண்டு வாறன்."

அடுத்தது வீடு. ஞானம்பிகையின் வீட்டில் பெரிய கூடம் உண்டு. ஆனால் அவள் வக்கீலின் சமையல்காரி.

"பெனடிக்ற் அண்ணை, நான் செலினுந்தேயின்ர உப்பைத் திண்டுகொண்டு எப்பிடி?"

"பிள்ளை, ஞாயிறு உமக்கு லீவெல்லே?"

ஞானம்பிகை ஒரு கணம் யோசித்தாள். "ஓம் என்ன. அப்ப ஞாயிறு நான் செஜெஸ்தா."

இரண்டாவது வீட்டுக்குப் பெனடிக்றின் நண்பன் மகேந்திரராசா ஒப்புக்கொண்டான். ஒரே நிபந்தனை. வெள்ளித் தம்ளரில் தானும் ஒரு முறை குடிக்க வேண்டும்.

*

ஞாயிறு பதினொரு மணி. ஞானம்பிகை வீடு.

இஞ்சினியர் வாசலில் நின்றார். நின்றபடியே இருந்தார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவே பொன் நிறச் சிம்மாசனம் இரண்டு. பட்டுச்சேலை கட்டிய ஞானம்பிகை வெள்ளிச் செம்பால் அவர் தலையில் பன்னீர் தெளித்தாள். நேற்றுவரை இந்தப் பெண் வக்கீலின் குப்பைப் பையோடு படி இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

"இது... உங்கள் வீடா?"

"சின்ன வீடுதான்" என்றாள் ஞானம்பிகை அடக்கமாக.

இஞ்சினியர் இடது சிம்மாசனத்தில் அமர்ந்தார். 'சரக்' என்று ஒரு சத்தம். காற்சட்டையைத் தடவிப் பார்த்தார். புன்னகைத்தார். தொரீனோக்காரர், மரியாதை தெரிந்தவர்.

"இந்த மயிலுக்கு ஏன் ஒரு கண்தான்?"

பெனடிக்ற் முந்திக்கொண்டான். "கண்ணூறு, இஞ்சினியர். மலோக்கியோ. அழகான பொருளில் ஒரு குறை வைப்போம்."

"ஆ" என்றார் இஞ்சினியர். சிசிலி அவருக்குப் பயமூட்டத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

வெள்ளித் தம்ளரில் பால்தேத்தண்ணி. அவர் கடைசி வாய் குடிக்குமுன்னரே தம்ளரை ஞானம்பிகை பறித்துவிட்டாள். பெனடிக்ற் அவரை முன்கதவால் வெளியே கூட்டிவந்தான். அதே விநாடி பின்கதவால் சிம்மாசனம் இறங்கியது.

மகேந்திரராசா வீடு நடந்து பத்து நிமிடம். சுவாம்பிள்ளையின் ஆப்பே, அதாவது எங்கள் ஓட்டோவுக்கு இத்தாலியில் இருக்கும் மூத்த அண்ணன், சுற்றிப்போக இருபது நிமிடம் வேண்டும்.

பத்து நிமிடத்தைப் பெனடிக்ற் எப்படியாவது விழுங்க வேண்டும்.

"இது பழைய தேவாலயம், இஞ்சினியர்."

"அழகு."

"இதுவும் பழைய தேவாலயம்."

"ம்."

"அங்கே தெரிவது..."

"தேவாலயமா?"

"பழையது."

மூன்று தேவாலயத்தில் நான்கு நிமிடம் போனது. சந்தையில் மந்தரீன் தோடம்பழக் குவியல். பெனடிக்ற் பாய்ந்து போய் நின்றான். பேர்போன சியாகுல்லி ஊர்ப் பழம்தானா என்று கேட்டான். கடைக்காரன் தாயின்மேல் சத்தியம் செய்தான். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து ஒரு கிலோ தெரிந்தெடுத்தான். இன்னும் மூன்று நிமிடம்.

அப்போதுதான் பின்னால் அந்த ஹோர்ண் சத்தம்.

பெனடிக்ற் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. ஒழுங்கையின் அகலம் ஆறு அடி. ஆப்பே அவர்களுக்குப் பின்னாலேயே வந்து மாட்டிக்கொண்டிருந்தது. சுவாம்பிள்ளை சுற்றுப்பாதையை விட்டுக் குறுக்குப்பாதை எடுத்திருந்தார்.

"விலகுங்கோ! விலகுங்கோ!"

இஞ்சினியர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார். ஆப்பே அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது. மேலே மூடியிருந்த கட்டில் விரிப்பு ஒரு பக்கம் விலகியது. பொன் மயில் ஒன்று ஒற்றைக் கண்ணால் இஞ்சினியரைப் பார்த்தபடி கடந்து சென்றது.

பெனடிக்றின் இதயம் கையிலிருந்த பழப்பையில் விழுந்தது.

"பெனடிக்ற்."

"சொல்லுங்கள், இஞ்சினியர்."

"உங்கள் ஆட்களிடம் எத்தனை மயில் இருக்கிறது?"

"நிறைய" என்றான் பெனடிக்ற்.

மகேந்திரராசா வீட்டில் மயிலுக்கு இரண்டு கண் இருந்தது. கடைசி நொடியில் சுவாம்பிள்ளை ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டிவிட்டிருந்தார். சிவப்புப் பொட்டு. மயில் குடித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. அதே பன்னீர், அதே தம்ளர். மகேந்திரராசா தான் குடித்தது போதாதென்று கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் குடித்தான். இஞ்சினியர் இந்த முறை கவனமாக, மிகக் கவனமாக, இடது சிம்மாசனத்தில் அமர்ந்தார்.

'சரக்.'

ஒரு மணிக்குப் புரொபெசோரெசா வீட்டில் விருந்து. புத்தக அலுமாரிகளுக்கு நடுவே இரண்டு மயில் சிம்மாசனம். இஞ்சினியர் அங்கே உட்காரவேயில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார். போகும்போது புரொபெசோரெசாவின் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு பலம் உங்களுக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் போயிற்று. நாளை என் வாக்கு உங்களுக்கு."

கீழறையில் விமலராணி மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அன்றிரவு பெனடிக்ற் பதினொரு வருடத்தில் இல்லாத மாதிரிக் குறட்டை விட்டான்.

*

திங்கள் மாலை ஐந்து மணி. கட்டடத்தின் வாசல் கூடம்.

வக்கீல் இடப்பக்கம். புரொபெசோரெசா வலப்பக்கம். நடுவில் இஞ்சினியர். சுவாம்பிள்ளை ஆறு மணிக்கு வந்து ஏற்றுவதற்காகச் சிம்மாசனம் இரண்டும் சுவரோரம் விரிப்பு மூடி நின்றன. ஞானம்பிகையும் விமலராணியும் படியில். பெனடிக்ற் தன் மேசையருகே, சாவிக் கொத்து இடுப்பில்.

கூட்டத்துக்கு ஒரு பழைய விதி. தீர்மானத்தை எழுதி, கூட்டம் கலையுமுன் மூன்று கையெழுத்தும் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல்லாது.

வக்கீலுக்கும் புரொபெசோரெசாவுக்கும் இடையே இரண்டு முழம் தூரம். நேரே பேசலாம். ஆனால் பேசமாட்டார்கள்.

"பெனடிக்ற், இந்தக் காலத்தில் காவலாள் வீண் என்று அவளுக்குச் சொல்."

பெனடிக்ற் வலப்பக்கம் திரும்பினான். "இந்தக் காலத்தில் நான் வீணாம்."

"தூதனைத் தொடக்கூடாது என்று சொல், பெனடிக்ற். ஸ்பார்ட்டாக்காரர் பாரசீகத் தூதரைக் கிணற்றில் தள்ளிவிட்டு வருடக்கணக்காக வருந்தினார்கள் என்று சொல்."

பெனடிக்ற் இடப்பக்கம் திரும்பினான். "என்னைக் கிணற்றில் தள்ளினால் வருந்துவீர்களாம்."

"கிணறு இங்கே இல்லை, லிஃப்ட் குழிதான் இருக்கிறது என்று சொல்."

"லிஃப்ட் குழி இருக்காம்" என்றான் பெனடிக்ற்.

இஞ்சினியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். வாக்குக் கேட்கும் நேரம். அப்போது வக்கீல் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

ஞாயிறு மயில்கள் முதலாம் மாடிக்குப் படியேறியதை அவர் கதவிடுக்கால் பார்த்திருந்தார். வெளியே வந்தது ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே புகைப்படம். ஞானம்பிகையின் மகள் கிருசாந்தினியின் சாமத்திய வீடு. அங்கே பிரதம விருந்தாளியாகச் சிம்மாசனத்தில் வீற்றிருந்தவர் சாட்சாத் வக்கீல் திரிங்காலி. அவர் தோளுக்கு மேலே ஒற்றைக்கண் மயில்.

படியில் ஞானம்பிகை தலையில் கை வைத்தாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வக்கீலுக்குப் பரிசாகக் கொடுத்ததே அவள்தான்.

"பெனடிக்ற்" என்றார் வக்கீல் தேன் குரலில். "இஞ்சினியரிடம் ஒன்று கேள். அவருடைய காற்சட்டை இடது பக்கம் கிழிந்திருக்கிறதா?"

"அவரோடு நீங்கள் நேரே கதைக்கலாமே, அவ்வொக்காத்தோ?"

"நீதான் கேட்க வேண்டும்."

பெனடிக்ற் இஞ்சினியரின் பக்கம் திரும்பினான். "இஞ்சினியர்... உங்கள் காற்சட்டை... இடது பக்கம்..."

"இரண்டு இடத்தில்" என்றார் இஞ்சினியர் மெல்ல.

"எனக்கு நான்கு இடத்தில்!" வக்கீல் முழங்கினார். "நான்கு வீட்டுக் கொண்டாட்டம், நான்கு காற்சட்டை, ஒரே ஆணி! வாடகைக் கதிரை, ஐயா! செஜெஸ்தாவின் பழைய தந்திரம்! பள்ளிக்கூடத்தில் படித்தபோதே இவள் இதை ரசித்துச் சிரித்தாள்!"

இஞ்சினியர் நடந்து போய் விரிப்பைத் தூக்கினார். ஒரு கண் கல். மறு கண் சிவப்புப் பொட்டு.

விரிப்பைத் திரும்பப் போட்டார்.

"என் வாக்கு வக்கீலுக்கு" என்றார் இஞ்சினியர்.

புரொபெசோரெசா வெளிறினாள். "பெனடிக்ற், ஏதென்சுக்குச் சொல். ஒரு காற்சட்டைக்காகக் கூட்டாளியை விற்றவனோடு இனி எனக்குப் பேச்சில்லை."

"பெனடிக்ற், சிஞ்ஞோராவுக்குச் சொல்" என்றார் இஞ்சினியர், காது சிவக்க. "என்னை முட்டாளாக்கியவரோடு எனக்கும் பேச்சில்லை."

இரண்டையும் பெனடிக்ற் உரிய இடத்தில் சேர்த்தான். வக்கீல் தீர்மானத்தை எழுதினார். தான் ஒப்பமிட்டார். இஞ்சினியர் ஒப்பமிட்டார். வக்கீல் பேனாவை நீட்டினார்.

"பெனடிக்ற், அவளிடம் கொடு. தோற்றாலும் ஒப்பமிட வேண்டும் என்று சொல்."

பெனடிக்ற் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றினான். மேசையில் வைத்தான்.

"எப்படிச் சொல்வது, அவ்வொக்காத்தோ? நான் இப்போது காவலாள் இல்லையே."

நீட்டிய பேனா காற்றில் நின்றது.

இரண்டு முழம் தூரம். ஒரு வார்த்தை போதும். 'கையெழுத்துப் போடு.' ஆனால் முதலில் வாய் திறப்பவர் தோற்றவர். பன்னிரண்டு வருடப் போர். வக்கீல் இஞ்சினியரைப் பார்த்தார். இஞ்சினியர் கூரையைப் பார்த்தார். அவருக்கும் இப்போது பேச்சில்லை.

"ஞானம்பிகை! நீ சொல்லு!"

"அவ்வொக்காத்தோ, என் ஒப்பந்தத்தில் சமையல் இருக்கிறது, துப்புரவு இருக்கிறது. போர் இல்லை."

'டக்.' வாசல் விளக்கு அணைந்தது. இரண்டு நிமிடத்துக்கொரு முறை தானாக அணையும் விளக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் சுவரிலுள்ள ஆளியை அமுக்கித் திரும்ப விளக்கேற்றுவது பெனடிக்றின் வேலை. ஆளி அவன் தலைக்கு மேலே. பெனடிக்ற் அசையவில்லை.

பெப்ரவரி மாலை மங்கலில் மூன்று நகரங்களும் நின்றன.

ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. பெனடிக்ற் ஒரு மந்தரீனை எடுத்து உரித்தான். மணம் கூடம் முழுக்கப் பரவியது. விமலராணி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப நாங்கள் வெண்டிட்டமோ, தோத்திட்டமோ?"

"பொறும். ஆர் முதல் ஒண்டுக்குப் போறதெண்டு பாப்பம்."

ஆறுக்கு ஒரு நிமிடம். இஞ்சினியர் காலை மாற்றி மாற்றி நின்றார். முதலில் உடைந்தது ஏதென்ஸ்தான். தீர்மானத்தை மேசையிலிருந்து எடுத்தார். தன் கையெழுத்தைக் குறுக்கே வெட்டினார். அந்தத் தாளை வக்கீலின் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

வக்கீல் தாளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் எழுதினார்: 'காவலாள் இருக்கட்டும்.' ஒப்பமிட்டு மேசையில் வைத்தார், பெனடிக்றுக்கு எட்டும் தூரத்தில்.

பெனடிக்ற் சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் மாட்டினான். ஆளியை அமுக்கினான். வெளிச்சம். தாளைப் புரொபெசோரெசாவிடம் கொண்டுபோனான்.

அவள் வாசித்தாள். 'காவலாள்' என்பதை வெட்டினாள். மேலே கிரேக்க எழுத்தில் ஒரு சொல் எழுதினாள். ஒப்பமிட்டாள். தாள் திரும்பிவந்தபோது வக்கீலின் உதடு துடித்தது. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வகுப்பில் அவர் எட்டிப் பார்த்து எழுதியது இந்தக் கிரேக்கக் கையெழுத்தைத்தான்.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்றான் பெனடிக்ற்.

"தூதன்" என்றார் வக்கீல். பிறகு தொண்டையைச் செருமினார். "அவளுக்குச் சொல், மை சிந்தியிருக்கிறாள் என்று."

தாள் மூன்றாம் மாடிக்குப் போய், மூன்றாவது ஒப்பத்தோடும் ஒரு செய்தியோடும் இறங்கி வந்தது. சிஞ்ஞோரா இரண்டு காற்சட்டை வாங்கித்தர வேண்டுமாம்.

"அவருக்குச் சொல்!" என்று தொடங்கினாள் புரொபெசோரெசா.

"அவளுக்குச் சொல்!" என்று தொடங்கினார் வக்கீல்.

"நாளைக் காலை ஒன்பதுக்கு" என்றான் பெனடிக்ற். "தூதன் ஆறு மணிக்குப் பிறகு போருக்கு வரமாட்டான்."

வெளியே ஆப்பேயின் ஹோர்ண். சுவாம்பிள்ளை உள்ளே தலையை நீட்டினார்.

"டேய் தம்பி, மயிலை ஏத்தட்டோ?"

"ஐஞ்சு நிமிசம் பொறுங்கோ அண்ணை."

பெனடிக்ற் விரிப்பை உருவினான். பதினொரு வருடமாக இந்த வாசலில் நின்றே பழகியவன், இடது சிம்மாசனத்தில் அமர்ந்தான். ஆணி எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். வலப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.